ஓதிய தண்ணீரும் ஒல்லாந்துச் சொல்லும்

இந்த நாட்டில் கழிப்பறை எங்கே என்று கேட்பதற்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்கிறார்கள். வங்கியில் கழுத்துப்பட்டி கட்டியிருப்பவர் சொல்கிறார். பிள்ளைக்கு ஊசி போடும் தாதி சொல்கிறாள். நரைமுடியைக் குட்டையாக வெட்டிய வயதான பெண்கள், கையில் பூங்கொத்தையும் வைத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தின் நடுவில் நின்று உரக்கச் சொல்கிறார்கள். நாம் பாடசாலைக் கதவுகளில் ஆங்கிலத்தில் பார்த்த அதே இரண்டு எழுத்துகள்தான், டபிள்யூவும் சீயும். ஆனால் நெதர்லாந்துக்காரர்களின் நாக்கில் அது "வேசே" என்று விழுகிறது. எங்கள் ஊர்ச் சந்தையில் இரண்டு பேர் மீன் விலைக்குச் சண்டை பிடித்தால் மூன்றாவது நிமிடத்தில் வெளியே வரும் சொல்லுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் வாப்பா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். எழுதவே எனக்குக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் நான் சொல்ல வந்தது நகராது என்பதால், வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கல்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். ஊரில் தரம் மூன்று பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தேன். என் கணவர் குளிரூட்டிகள் திருத்துபவர். இங்கே வடகடல் ஓரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்து முதலில் அவர் வந்தார். பிறகு நானும், அப்போது ஒன்றரை வயதாக இருந்த மகன் ஸைத்தும் வந்து சேர்ந்தோம். வந்த புதிதில் எனக்கு இந்த நாடு அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து மாம்புரிக் கரையில் நிற்பது போன்ற வெள்ளைக் காற்றாலைகள் இங்கேயும் கடலைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. பதிவு செய்யப் போன நகரசபையின் கதவில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன்: கந்தோர். அலுவலகங்களை, காணிக் கந்தோர், தபால் கந்தோர் என்று வாப்பா சொல்கிற அதே கந்தோர். உள்ளே இருந்த பெண் மேசையின் லாச்சியை இழுத்துப் படிவம் எடுத்தாள். அதற்குப் பெயர் என்ன என்று கணவரிடம் ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னேன். "லாச்சே" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்பிட்டியில், அந்தக் காலத்தில் இந்த நாட்டிலிருந்து வந்த ஒல்லாந்தர் கட்டிய கோட்டை கடற்படை முகாமுக்குள் இருக்கிறது; பாடசாலைச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் சொற்களையும் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

அந்த உற்சாகத்தில்தான் பிழை விட்டேன். ஸைத்துக்கு உடுப்பு மாற்ற வேண்டியிருந்தது. கக்கூஸ் என்பதும் ஒல்லாந்தர் தந்த சொல்தான் என்று பல்கலைக்கழகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. கந்தோரும் லாச்சியும் சரியாக இருந்தால் இதுவும் சரியாகத்தானே இருக்கும்? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மிகப் பணிவாக, "மெவ்ரௌ, கக்கூஸ் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். மெவ்ரௌ என்பது பெண்களை மரியாதையாக அழைப்பது. அந்தப் பெண்ணின் பேனா நின்றது. என்னைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், பிள்ளையைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு பேனாவால் ஒரு கதவைக் காட்டினாள்.

வெளியே வந்ததும் கணவர் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். "அது இங்க ஏச்சுச் சொல்லாம். அந்தக் காலத்துல மாட்டுக் கொட்டில்ல சொல்லுறதாம். இப்ப ஆரும் ஆக்கள் முன்னால சொல்லமாட்டாங்களாம்."

"அப்ப என்ன சொல்லணும்?"

அவர் அந்த இரண்டு எழுத்தைச் சொன்னார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர்களின் மரியாதையான சொல் எங்களுக்கு ஏச்சு. எங்களின் சாதாரணச் சொல் அவர்களுக்கு ஏச்சு. நல்ல தமிழில் மலசலகூடம் என்று இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது பெயர்ப்பலகைக்கான சொல். அவசரமாக வருகிறவர் எவரும் அதைச் சொல்லி முடித்ததில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டு மறந்துபோகிற விஷயமாகத்தான் இருந்தது, ஸைத் பாலர் விளையாட்டுக்கூடத்துக்குப் போகும் வரைக்கும். வீட்டில் அவன் வாய் ஓயாது. லொறி, மீன், குளிரூட்டி, வானத்தில் போகும் கடற்பறவைக்கு உம்மா இருக்கிறாளா என்பது வரைக்கும் கதை. கூடத்தின் வாசலைத் தாண்டியதும் அவனுக்குள் யாரோ குழாயைத் திருகி மூடியதுபோல அடங்கிவிடுவான். ஆசிரியையின் பெயர் மரீக்க. உயரமானவள், சிவந்த கன்னம், நல்ல மனம். ஊரில் இருக்கும் என் அக்கா, ராத்தாவிடம் பெயரைச் சொன்னபோது, "மரைக்காரா? நம்மட ஆக்களா?" என்று கேட்டாள். மரைக்கார் என்பது எங்கள் முஸ்லிம் ஆட்களின் குடும்பப் பெயர்; அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் மரைக்கார் டீச்சர்.

மரைக்கார் டீச்சருக்கு எங்கள் ஊரும் தெரிந்திருந்தது. கல்பிட்டி என்றதும் முகம் மலர்ந்து, எங்கள் பக்கத்து ஆலங்குடாக் கரையில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு மேலே பறக்கும் தன் படத்தைக் காட்டினாள். பத்து நாள் இருந்தாளாம். எந்த மாதம் எந்தப் பக்கக் காற்று என்று எனக்கு விளக்கினாள். நான் அந்தக் கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. தொண்ணூறாம் ஆண்டு போரில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பம் வள்ளத்தில் வந்து இறங்கியதும் அதே கடலோரம்தான் என்பதையும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு டச்சுச் சொற்கள் போதவில்லை. ராத்தாவோ, ஆலங்குடா விடுதிகளுக்குக் கட்டில் விரிப்பும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பவள், விஷயம் கேட்டுப் பெருமைப்பட்டாள். "அந்தப் புள்ள படுத்த விரிப்பு நான் தைச்சதா இரிக்கும். கேட்டுப் பாரு, ஓரத்துல நீல நூல் ஓடியிருந்திச்சா எண்டு."

ஒரு நாள் மரீக்க என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இந்த நாட்டில் ஆசிரியை தனியாகக் கூப்பிட்டால் கோப்பி தருவாள். கோப்பி வந்ததுமே ஏதோ பிழை என்று எனக்கு விளங்கிவிடும். ஸைத் இங்கே ஒரே ஒரு சொல்தான் பேசுகிறான் என்றாள். என்ன சொல் என்றேன்.

"ஓம்."

எனக்கு உயிர் வந்தது: எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்றுதான் சொல்வோம். ஒரு சொல்லாவது சொல்கிறானே! "ஓம், ஓம்," என்று சிரித்துத் தலையாட்டினேன்.

மரீக்க எதையோ எழுதினாள். "ஓம் உங்களோடு வீட்டிலேயா?"

அந்தச் சொல்லை வீட்டில்தான் பழகினானா என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். "வீட்டில்தான். எந்நேரமும்."

"பகலிலுமா?"

"பகல், இரவு, எப்போதும்."

மரீக்க குரலைத் தாழ்த்தினாள். "ஸைத்துக்கு ஓமைப் பிடிக்குமா?"

"முதலில் பிடிக்காது. அழுவான். நான்தான் கட்டாயப்படுத்தினேன்," என்றேன், பாதி டச்சிலும் பாதி சைகையிலும், நல்ல தாய் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில். மூன்று வயதில் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று அடம்பிடிக்கும் பிள்ளையை ஓம் சொல்லப் பழக்கியது சின்ன வேலையா? மரீக்கவின் கன்னத்திலிருந்த சிவப்பு இறங்கிவிட்டது. நாளைக்கு உங்கள் கணவரும் வர வேண்டும் என்றாள். கோப்பியை நான் குடிக்கவில்லை.

மறுநாள் கணவர் வந்து ஆங்கிலத்தில் கேட்ட பிறகுதான் விளங்கியது. டச்சு மொழியில் ஓம் என்றால் மாமா. அப்பாவின் சகோதரரும் ஓம், அம்மாவின் சகோதரரும் ஓம், நெருங்கிப் பழகினால் பக்கத்து வீட்டுக்காரரும் ஓம். சாறு வேண்டுமா என்று கேட்டால் ஸைத் மாமா என்கிறான். வெளியே விளையாடுவோமா என்றால் மாமா. ஏன் பேசமாட்டேன் என்கிறாய், யாருக்காவது பயமா என்று கேட்டாலும் மாமா. அவள் பயந்ததில் என்ன பிழை? நான் வேறு, அந்த மாமா இரவு பகலாக வீட்டில் இருக்கிறார், பிள்ளை அழ அழ நான்தான் கட்டாயப்படுத்துகிறேன் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். விளங்கியதும் மரீக்க இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். இதைக் கேள்விப்பட்ட எங்கள் பக்கத்து வீட்டு வயதானவர் கேஸ், "ஓம் இல்லாவிட்டால் நான் இருக்கிறேனே," என்று வேலிக்கு மேலால் சொன்னார். ஸைத் உடனே ஏற்றுக்கொண்டான். அவரிடம் ஒரு சிறிய உழவு இயந்திரம் இருந்தது. அன்று முதல் அவர் ஓம் கேஸ். ராத்தாவுக்கு அந்தப் பெயரும் விளங்கவில்லை. "கேஸா? என்ன கேஸ்? பொலிஸ் கேஸா?"

ஆனால் சிரித்து முடித்த பிறகும் மரீக்கவின் மேசையில் முதல் நாள் அவள் எழுதிய படிவம் இருந்தது. ஸைத்துக்கு நான்கு வயதாகச் சில வாரங்கள்தான் இருந்தன. இங்கே நான்கு வயது பிறந்த உடனே பெரிய பாடசாலை. அதற்கு முன் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வந்து ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிள்ளையைக் கவனித்து அறிக்கை எழுதுவார். தனக்குத் தேவையானதை, குறைந்தது கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதையாவது, வாய்திறந்து ஒரு பெரியவரிடம் சொல்லத் தெரிந்தால் எல்லாப் பிள்ளைகளோடும் பக்கத்துத் தெருப் பாடசாலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் வேறு நகரத்தில் இருக்கும் விசேட வகுப்பு. காலையில் ஒரு சிறிய வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நல்ல வகுப்புத்தான், பயப்பட எதுவுமில்லை என்று மரீக்க சொன்னாள். எனக்கு வேன்தான் தெரிந்தது. அதன் யன்னலில் ஒரு சின்ன முகம், என்ன கேட்டாலும் மாமா என்று சொல்லிக்கொண்டு.

அதன் பிறகு நான் என்னை விசாரிக்கத் தொடங்கினேன். விமானத்தில் அவன் காதை நான் சரியாகப் பொத்தவில்லையோ? வயிற்றில் இருக்கும்போது ஓதியது போதாதோ? உம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் புறப்பட்டு வந்ததற்குக் கூலியோ? கணவரோடு வேலை செய்யும் ஒருவர், வீட்டில் தாய்மொழி பேசுவதால்தான் இப்படி, இன்றைக்கே நிறுத்துங்கள் என்று சொன்னாராம். தமிழ் படிப்பித்த நான் என் பிள்ளையிடம் தமிழை நிறுத்துவதா? இறைவனிடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுதேன். பதில் ஒன்றும் தெளிவாக வராததால், பயமே பதிலாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, நிறுத்தினேன். என்னிடம் இருந்த டச்சு நாற்பது சொல்லுக்குள்தான். காலையில் "நல்ல காலை," சாப்பாட்டுக்கு "சுவையா?", மீதி நேரமெல்லாம் "பார், ஒரு சைக்கிள்!" இங்கே சைக்கிளுக்குக் குறைவில்லை என்பதால் அது மட்டும் நன்றாக ஓடியது. நான்காவது நாள் ஸைத் கரண்டியை வைத்துவிட்டு என் வாயைத் தன் இரண்டு கையாலும் பிடித்தான். "உம்மா, நீங்க மரைக்கார் டீச்சர் மாதிரி கதைக்காதீங்க. உங்கட வாயால கதைங்க." நிறுத்தியதை நிறுத்தினேன்.

ராத்தாவிடம் கைப்பேசியில் சொல்லி அழுதேன். அவள் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவுதானா? நான் ஆரோ மௌத்தான செய்தியாக்கும் எண்டு பயந்துட்டன். ஏன்டி, நானும் அப்புடித்தானே இருந்தன். உம்மா சொல்லல்லியா?"

"எப்புடி இருந்தீங்க?"

"பேசாம. மூணு மாசம்."

ராத்தா பேசாமல் இருந்தாள் என்பது கல்பிட்டியில் மூன்று மாதம் காற்றே அடிக்கவில்லை என்பது மாதிரி. நான் நம்பவில்லை. தையல் இயந்திரம் நின்றது. வள்ளத்தில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஐந்து வயது. நான் பிறக்கவே இல்லை. பாடசாலைக் கட்டடம் ஒன்றில் பல குடும்பங்களோடு இருந்தார்கள். ஊர்க்காரர்கள் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள், பெயர் கேட்டார்கள். ராத்தா யாருக்கும் பதில் சொல்லவில்லை. உம்மா ஓதிப் பார்த்தாள், பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டி வந்து தண்ணீர் ஓதிவித்துக் கொடுத்தாள், நோன்பு நேர்ந்தாள். பிள்ளை வாய் திறக்கவில்லை.

"பொறகு?"

"பொறகென்ன, ஒரு நாள் வெளியில குந்திக்கிட்டு ஒரு துண்டுப் பாண் தின்டுக்கிட்டு இருந்தன். சீனி தடவின பாண். அந்த நேரத்துல சீனி கிடைக்கிறதே பெருசு. ஒரு கழுதை வந்து அப்புடியே புடுங்கிட்டுப் போச்சு. அவ்வளவுதான். கழுதைட உம்மா வாப்பா எல்லாரையும் இழுத்து ஏசினன். உம்மா உள்ளுக்கிருந்து ஓடி வந்து, ஏசுற வாய்க்கு அடிக்கிறதா முத்தம் குடுக்கிறதா எண்டு தெரியாம நிண்டா."

"அப்ப ஓதின தண்ணி வேலை செய்யல்ல. கழுதைதான் செஞ்சிருக்கு."

"கழுதைய ஆரு அனுப்பின?" என்றாள் ராத்தா. மீண்டும் மிதிக்கத் தொடங்கினாள். "போத்தல்ல தண்ணி எடுத்து வை. நாளைக்கு நான் லெப்பைய வீட்டுக்குக் கூப்பிடுறன்."

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவர்கள் நேரப்படி, லெப்பை வாட்ஸ்அப்பில் வந்தார். கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, முன்னால் தண்ணீர்ப் போத்தலை வைத்தேன். "மூடியக் கழட்டுங்க தங்கச்சி," என்றார். கழற்றினேன். "இன்னும் கிட்ட." கிட்ட வைத்தேன். நல்ல குரல். ஊரின் பள்ளிவாசல் சுவர்கூட அந்தக் குரலில் கேட்டது. ஓதி முடித்து மூன்று தடவை ஊத வேண்டும். முதல் தடவை ஊதும்போது படம் உறைந்துவிட்டது. கன்னம் உப்பிய லெப்பை அசையாமல் இருக்க, சத்தம் மட்டும் ஃபூ, ஃபூ, ஃபூ, ஃபூ என்று வந்துகொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வேலையால் வந்த கணவர் வாசலில் நின்று பார்த்தார். "மூணு தரமா ஊதுறது, முப்பது தரமா?" என்றார். நான் அவரை முறைத்தேன். உள்ளுக்குள் எனக்கும் அதே சந்தேகம்தான். மூச்சு கடலுக்கு அடியால் கம்பியில் வருமா? கூடிப்போனால் பிழையா? "மனசுல வெச்ச நிய்யத்துத்தான் முக்கியம் தங்கச்சி," என்றார் லெப்பை, படம் திரும்ப வந்ததும், நான் கேட்காமலே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்பார்கள்; கழுதையைக் கட்டி ஒட்டகத்தை அவிழ்த்துவிட்ட கதையாகிவிடக்கூடாது என்று, என் பங்குக்கும் முயற்சி செய்தேன். பிள்ளைக்கு அந்த இரண்டெழுத்தைப் பழக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, கணவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, மெதுவாகச் சொன்னேன்: "வேசே." சொன்ன நாக்குக் கூசி, அடுத்த மூச்சிலேயே இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு, "அஸ்தஃபிருல்லாஹ்," என்றேன். ஸைத் கவனமாகக் கேட்டான். நல்ல மாணவன். ஒரு வாரத்தில் பாடமாகிவிட்டது. வீட்டில் கழிப்பறைக்கு ஓடும்போதெல்லாம் சொன்னான், ஒரே சொல்லாக: "வேசேஅஸ்தஃபிருல்லாஹ்!"

அந்தக் காலைப்பொழுது வந்தது. ஓதிய தண்ணீரில் மூன்று மிடறு கொடுக்கலாம் என்று போத்தலைத் திறந்து வைத்துவிட்டு, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்தேன். போத்தல் காலியாக இருந்தது. முழுவதையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓதிய தண்ணீரைக் குடித்த பிள்ளையை எப்படி ஏசுவது?

பேச்சுப் பயிற்சியாளர் நடுத்தர வயதுப் பெண். முழங்காலில் ஒரு கோப்பு. நான் மூலையில், பாலர்களுக்கான குட்டிக் கதிரையில், என் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தேன். மரீக்க ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் கேட்டாள். பந்து வேண்டுமா? "ஓம்." இது என்ன நிறம்? "ஓம்." பயிற்சியாளர் எழுதிக்கொண்டே போனாள். பக்கம் புரண்டது. நா திருந்த மூஸா நபி கேட்ட துஆவை நான் உதடு அசையாமல் ஓதிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது, ஸைத்தின் முழங்கால்கள் ஒன்றையொன்று தேடத் தொடங்கின.

அந்த அறையில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கழிப்பறை. உள்ளே ஒரு சின்னப் பெண் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஸைத் எழுந்து போய்க் கதவின் முன்னால் நின்றான். மரீக்கவைப் பார்த்தான். வாய் திறந்தது. "வேசே," என்றான், எறும்புக்குக் கேட்கிற குரலில். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, கடமை தவறாமல், "அஸ்தஃபிருல்லாஹ்," என்றான். என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. மரீக்க பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே பாட்டின் இரண்டாவது பகுதி தொடங்கியது. ஸைத் காலை மாற்றி நின்றான். முகம் சிவந்தது. இரண்டு கைகளாலும் கதவில் அடித்தான்.

"கக்கூஸ்! ஏய், கெதியா வாங்க! கக்கூஸ்! எனக்கு வருது! கக்கூஸ்!"

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரிந்தது. பயிற்சியாளரின் பேனா நின்றது. பேனா அப்படி நிற்பதை நான் நகரசபையில் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். பூமி பிளந்து என்னைக் குட்டிக் கதிரையோடு விழுங்கட்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கினாள். கோப்பு விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். அவளுடைய பாட்டனார் தெற்கே மாடு வளர்த்தவராம். இப்படியேதான் சொல்வாராம், இதே இழுவையில். அவர் போன பிறகு இந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லையாம். பாட்டு நின்றது. கதவு திறந்தது. சின்னப் பெண் வெளியே வந்தாள், ஸைத் உள்ளே பாய்ந்தான். வெளியே வந்தவன் நேரே மரீக்கவிடம் போய் டச்சில், "முடிந்தது," என்றான். "கை கழுவ வேண்டும்," என்றான். பிறகு அந்தப் பெண்ணைக் காட்டி, "அவ பாட்டுப் படிச்சிக்கிட்டே இருந்தா, டீச்சர்," என்று தமிழில் முறைப்பாடு செய்தான். கழுதை பாணைப் பறித்துக்கொண்டு போன அந்த முற்றம் எனக்குக் கண்முன்னே தெரிந்தது.

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. கணவர் மொழிபெயர்த்து வாசித்தார். தேவை ஏற்படும்போது பிள்ளை அதனைத் தெளிவாகவும் உரத்த குரலிலும் பொருத்தமான டச்சுச் சொல்லாலும் வெளிப்படுத்துகிறான். சொல் சற்றுப் பழையது. பக்கத்துத் தெருப் பாடசாலைக்கே போகலாம். நான் நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்தேன். எழுந்ததும் அடுத்த கவலை வந்தது. அவன் சொன்னது டச்சு இல்லையே. தமிழ். நான் பேசாமல் இருந்தால் பொய்ச் சாட்சி ஆகாதா? ஹராமான அறிக்கையால் பிள்ளை பாடசாலைக்குப் போவதா?

"அவங்கட சொல்லுத்தானே," என்றார் கணவர். "ஒல்லாந்தர் போகக்குள்ள ரெண்டு சாமானை விட்டுட்டுப் போனாங்க. கோட்டை நேவிட்ட இரிக்கி. மத்தது எங்கள்ட்ட."

எனக்கு மனம் ஆறவில்லை. போய் மரீக்கவிடம் சொன்னேன். இப்போது என்னிடம் அறுபது சொற்கள் இருந்தன. கக்கூஸ் எங்கள் சொல் என்றேன். இல்லை, எங்கள் சொல் என்றாள். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள் என்றேன். எங்கள் ஊரில் இப்போது யாரும் சொல்வதில்லை, ஆனால் எங்களுடையதுதான் என்றாள். நான் அதற்கு நல்ல மரியாதை இருக்கிறது என்றேன். அவள் அதற்கு மரியாதையே கிடையாது என்றாள். பாலர் கூடத்து வாசலில், சைக்கிளில் வந்த மற்றத் தாய்மார் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் கழிப்பறைக்குச் சொந்தம் கொண்டாடினோம். கடைசியில் அவள்தான் சொன்னாள்: "அப்படியென்றால் பிள்ளை இரண்டு மொழியிலும் பேசியிருக்கிறான். அறிக்கையில் திருத்தி எழுதச் சொல்லவா?" வேண்டாம் என்றேன். போதும்.

ராத்தாவுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. "ஓதின தண்ணி வேலை செஞ்சிச்சா, இல்லியா?" என்று கேட்டாள். அவ்வளவு தண்ணீர் குடித்தால் ஓதாவிட்டாலும் வரும் ராத்தா என்றேன். "நீ ஓதாத தண்ணிய அவனுக்கு அவ்வளவு குடுத்திருப்பியா?" என்றாள். துஆவின் பதில் முன்வாசலால், ஸலாம் சொல்லிக்கொண்டு வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கக்கூஸ் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. உங்களில் யாருக்காவது பேசாத பிள்ளை இருந்தால், பிற நாட்டில் ஒரு குட்டிக் கதிரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தால், என்னிடம் ஆலோசனை எதுவுமில்லை. தண்ணீர் கொடுங்கள். உங்கள் வாயாலேயே கதையுங்கள்.

இப்போது ஸைத் பெரிய பாடசாலைக்குப் போகிறான். வந்ததும் பையைப் போட்டுவிட்டுப் பின்தோட்டத்துக்கு ஓடுகிறான். இன்று வெயில் வந்தது; இங்கே அது ஒரு செய்தி. வேலிக்கு அந்தப் பக்கம் கேஸ் உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சமைத்துக்கொண்டே குசினி யன்னலால் நான் கூப்பிட்டுக் கேட்டேன், "மகன், பாண் தின்டு முடிச்சிட்டீங்களா?"

"ஓம்!" என்றான் ஸைத், தோட்டம் முழுக்கக் கேட்க.

வேலிக்கு மேலே ஒரு நரைத்தலை நிமிர்ந்தது. "யா?" என்று டச்சில் ஆமாம் சொன்னது, யாரோ தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து. ஸைத் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.